5 மாத லாப்ரடார் பெட்டைக்குட்டி, தூங்கும்போதும் நடக்கும்போதும் சிறுநீர் சொட்டுகிறது. ஆபரேஷன் வரை போகலாமா?

தோப்புவீடு, கொழிஞ்சாம்பாறை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மாவட்டம் பாலக்காடு என்றாலும் பேச்சு, சொந்தபந்தம் எல்லாம் தமிழ்தான். ஆஸ்பத்திரி, சந்தை என்று எதற்கும் பாதி நாள் பொள்ளாச்சிக்கும் பாதி நாள் சித்தூருக்கும் போகிறவர்கள் நாங்கள். வீட்டில் மின்னி என்று ஒரு லாப்ரடார் பெட்டைக்குட்டி இருக்கிறாள், வயது 5 மாதம், எடை 14 கிலோ. நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள், தேங்காய் மட்டையைக் கடித்துக் குதறுகிறாள், பார்த்தால் ஒரு நோயும் இல்லாத குட்டி.

பிரச்சினை என்னவென்றால், வீட்டுக்கு வந்த நாளில் இருந்தே அவளுக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வெளியே விட்டால் மற்ற நாய்கள் போல உட்கார்ந்து நன்றாகவே போகிறாள், அதில் குறை இல்லை. ஆனால் உள்ளே வந்து சாக்கில் படுத்து எழுந்தால் அந்த இடம் நனைந்திருக்கிறது. நடக்கும்போதும் தரையில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, விழுவது அவளுக்கே தெரிவதில்லை. வாலுக்குக் கீழே முடி எப்போதும் ஈரம், மஞ்சளாகிவிட்டது, தொடையின் உட்பக்கம் வெந்து சிவந்திருக்கிறது.

முதலில் உள்ளூர் மிருகாசுபத்திரியில் காட்டினோம். சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கின்றன, கிருமித்தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும் வரை நாற்றம் குறைகிறது, சொட்டுவது மட்டும் நிற்கவே இல்லை, மாத்திரையை நிறுத்தினால் நாற்றமும் திரும்ப வந்துவிடுகிறது. வேறொரு டாக்டர், கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார். அப்புறம் பாலக்காட்டில் ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். வலது சிறுநீரகத்தில் இருந்து வரும் குழாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது, பிறவிக் கோளாறாக இருக்கலாம், பெரிய இடத்துக்குக் கொண்டு போங்கள் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் சரியாக இருக்கிறது.

மாமியார், பழக்கம் சரியில்லாத நாய், தோப்பில் கட்டிப் போடு என்கிறார். பக்கத்து வீட்டில் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள், மழை தொடங்கிவிட்டால் இங்கே எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல் பயம் எப்போதும் உண்டு, அதனால் இவள் சிறுநீரைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

இது ஆபரேஷன் செய்தால் தீருமா? எந்தப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டும்? மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குப் போவதா, உடுமலைக் கல்லூரிக்குப் போவதா, கோயம்புத்தூரிலேயே பார்ப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கம்பம் கோல்டன்:

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பது அப்படியே எங்கள் வீட்டுக் கதை. எங்களுடையது கோல்டன் ரெட்ரீவர் பெட்டை. அவளும் வெளியே விட்டால் ஒழுங்காகப் போவாள், உள்ளே படுத்தால் நனைப்பாள். அதனால்தான் எல்லோரும் பழக்கக் குறை என்றே நினைத்தார்கள். கடைசியில் கண்டுபிடித்தது இடது பக்க யூரீட்டர், அதாவது சிறுநீரகத்தில் இருந்து வரும் குழாய், சிறுநீர்ப்பையில் திறக்காமல் அதைத் தாண்டிக் கீழே போய்த் திறக்கிறது என்று. ஒரு மருத்துவமனையில், இந்த மாதிரி நாயை வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம், ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றுகூடச் சொன்னார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. உங்களிடமும் யாராவது அப்படிச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இது சரிசெய்யப் பார்க்கக்கூடிய கோளாறு.

சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்துகொண்டு, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அது முடிந்த உடனே சொட்டுவது நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் சில நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வரும், அடிக்கடி உட்கார்ந்து முக்குவாள். உள்ளே தையல் போட்ட இடம் வீங்கியிருப்பதால் அப்படி, அது இயல்புதான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. ஆனால் உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ இரவென்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கழுத்தில் போடும் கோனை அவள் எவ்வளவு கெஞ்சினாலும் கழற்ற வேண்டாம், நக்கித் தையலைப் பிரித்துவிடுவார்கள்.

எங்களுக்கு வீக்கம் வடிந்த பிறகு பகலில் சொட்டுவது முழுக்க நின்றுவிட்டது. ஆழ்ந்து தூங்கும்போது மட்டும் கையளவு ஈரம் இருந்தது. அதற்கு டாக்டர் தனியாக மாத்திரை கொடுத்தார், அதில் அதுவும் சரியானது. இன்று வரை மாத்திரை போகிறது, அவளும் மெத்தையில்தான் தூங்குகிறாள்.

அதுவரை தோலைக் காப்பாற்றுங்கள், இதுதான் இப்போது அவசரம். வாலுக்குக் கீழும் தொடையிலும் முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி நன்றாக உலர்த்தி, மெல்லிசாக வாஸலின் தடவுங்கள். குழந்தைகளின் அரையிடுக்குப் புண்ணுக்குப் போடும் துத்தநாகக் கிரீம் வேண்டாம், நாய் நக்கி விழுங்கினால் துத்தநாகம் விஷம். ஈ மொய்க்க விடவே கூடாது. ஈரமும் நாற்றமும் இருக்கும் இடத்தில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். தோப்பில் கட்டினால் முதலில் நடக்கப்போவது அதுதான், மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி கால்நடை மருத்துவர்:

நான் இந்தப் பக்கம் நாய்களும் மாடுகளும் பார்க்கிறவன். நேரில் பார்க்காமல் மின்னிக்கு இதுதான் என்று முடிவு கட்ட மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. குட்டியாக வந்த நாளில் இருந்தே இருக்கிறது, பெட்டை, லாப்ரடார், சொட்டிக்கொண்டும் இருக்கிறாள் ஒழுங்காகவும் போகிறாள், ஒரு பக்கக் குழாய் விரிந்திருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் எக்டோபிக் யூரீட்டர், அதாவது இடம் மாறித் திறக்கும் சிறுநீர்க் குழாய் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

எளிமையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்தில் இருந்தும் ஒரு யூரீட்டர் கிளம்பி, சிறுநீர்ப்பையின் கழுத்துக்குச் சற்று மேலே வந்து திறக்க வேண்டும். பைக்குக் கீழே வெளியேறும் வழி யூரித்ரா. அங்கேதான் சிறுநீரை அடக்கி வைக்கும் சுருக்குத் தசை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் விழ வேண்டிய குழாயைத் தொட்டியைத் தாண்டிக் கொண்டுபோய் வால்வுக்கு அடியில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? வால்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். கரு உருவாகும்போதே நேர்ந்துவிடும் கோளாறு இது, குட்டியின் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. மற்றப் பக்கக் குழாய் சரியாக இருந்தால் அது பையை நிரப்பும், அதனால் அவள் உட்கார்ந்து ஒழுங்காகவும் போவாள். இரண்டு பக்கமும் இடம் மாறியிருந்தாலும் சிறுநீர் பின்னோக்கிப் பைக்குள் ஏறிக் கொஞ்சம் நிரம்புவது உண்டு. ஆகவே வெளியே விட்டால் ஒழுங்காகத்தானே போகிறாள் என்பதை வைத்து இந்த நோய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பெட்டைகளிடம்தான் இது அதிகமாகத் தெரிகிறது. ஆண் நாய்க்கு யூரித்ரா நீளம், தசைப்பிடிப்பும் அதிகம், அதனால் குழாய் இடம் மாறியிருந்தும் சொட்டாமலே வளர்கிற ஆண் நாய்கள் உண்டு. லாப்ரடார், கோல்டன், சைபீரியன் ஹஸ்கி, பூடில், வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர் ஆகிய இனங்களில் அதிகம் பார்க்கிறார்கள்.

அடுத்தது இரண்டு வகை. குழாய் பையின் சுவரைத் தொடாமலே வெளியே கீழிறங்கிப் போனால் ஒரு வகை. பையின் சுவருக்குள் சரியான இடத்தில் நுழைந்துவிட்டு, திறக்காமல் சுவரின் உள்படலத்துக்கு அடியிலேயே சுரங்கம் போல ஓடி யூரித்ராவில் போய்த் திறந்தால் இன்னொரு வகை. நாய்களில் மிகப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். எந்த ஆபரேஷன் என்பதை இதுதான் முடிவு செய்யும், அதனால்தான் படம் இல்லாமல் கத்தியை எடுக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இப்போது வரிசை. முதலில் அவள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால், அதாவது இவளுக்கு 1.4 லிட்டரைத் தாண்டினால், அதிகம் குடித்து அதிகம் கழிக்கிற வேறு நோய்களையும் பார்க்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். குழாய் இடம் மாறியிருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை, சிறுநீரகத்துக்குத்தான் கெடுதல். அடுத்து சிறுநீர்க் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. தரையில் பிடித்த சிறுநீர் இதற்கு உதவாது, ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஊசி விட்டுப் பையில் இருந்து நேராக எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் நிறுத்திச் சில நாள் இடைவெளி விட்டு எடுத்தால்தான் கிருமி வளரும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமல் மாத்திரை மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் எதற்கும் அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

அதற்குப் பிறகு படம். சிடி வசதி இருக்கும் இடத்தில் சாயம் ஏற்றி சிடி எடுப்பது நல்லது, இரண்டு குழாய்களும் எங்கே போய் முடிகின்றன என்று தெளிவாகக் காட்டும். சிஸ்டோஸ்கோபி என்பது யூரித்ரா வழியாகச் சின்னக் கேமராக் குழாயை விட்டுத் திறப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே பார்ப்பது. முடிவாக நம்பக்கூடியது அது. சிறுநீர் வழி தவறி வேறு இடத்தில் சேர்ந்து நிற்கிறதா, யூரித்ரா குட்டையாக இருக்கிறதா என்பதெல்லாம்கூட அதில் தெரிந்துவிடும். இரண்டும் கிடைக்காவிட்டால் சாயம் ஏற்றிய எக்ஸ்ரே. சாதாரண ஸ்கேன் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும், குழாய் விரிந்திருப்பதையும் காட்டும், ஆனால் அது சரியாக இருக்கிறது என்று வந்தால் மட்டும் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது.

எங்கே போவது என்று கேட்டீர்கள். உங்களுக்கு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி பாலக்காட்டில் இருந்து குதிரான் சுரங்கம் வழியே நேர் வழி. உடுமலைக் கல்லூரி பொள்ளாச்சி தாண்டி. நாமக்கல்லும் சென்னை வேப்பேரியும் பழைய பெரிய கல்லூரிகள். எங்கே போனாலும் கிளம்புவதற்கு முன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். சாயம் ஏற்றிய சிடி அல்லது எக்ஸ்ரே இப்போது எடுக்கிறார்களா, சிஸ்டோஸ்கோபி உண்டா, எக்டோபிக் யூரீட்டருக்கு அறுவை செய்த அனுபவமுள்ள சர்ஜன் இருக்கிறாரா. மூன்றாவதற்குத் தெளிவான பதில் வரும் இடம்தான் தூரம் அதிகமானாலும் உங்களுக்குச் சரியான இடம்.

எலிப்பனி பற்றி: சொட்டுவதால் அந்த நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் அந்தக் கிருமி நாயின் சிறுநீரில்தான் வெளியேறும் என்பதால், தடுப்பூசி அட்டையை எடுத்து லெப்டோஸ்பைரோசிஸ் (எலிப்பனிதான்) சேர்ந்த ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த சாக்கைக் கையுறை போட்டு எடுங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு அந்த இடத்தை மிதிக்க வேண்டாம்.

செங்கோட்டைக்காரி:

டாக்டர் சொன்னதில் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கருத்தடை செய்தால் சரியாகிவிடும் என்று சொன்னவர் பேச்சைத் தயவுசெய்து இப்போது கேட்காதீர்கள். எங்கள் டாபர்மேன் பெட்டைக்கும் இதே போலச் சொட்டியது. நாங்கள் புனலூர் பக்கமும் காட்டினோம், தென்காசியிலும் காட்டினோம், பிறகு திருநெல்வேலி ராமையன்பட்டி கல்லூரிக்குக் கொண்டு போனோம். சாயம் ஏற்றிப் பார்த்ததில் இரண்டு குழாய்களும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. சுருக்குத் தசை பலவீனம், ஒரு முறை பருவத்துக்கு வரட்டும், அதுவரை கருத்தடை வேண்டாம் என்றார்கள். முதல் பருவம் முடிந்ததும் தானாகவே நின்றுவிட்டது, ஒரு மாத்திரைகூட இல்லாமல்.

அதனால் இது எல்லாமே ஆபரேஷன் கேஸ் இல்லை. அவளுடையது படுத்திருக்கும்போது மட்டும்தான் நனைத்தது, மின்னி நடக்கும்போதும் சொட்டுகிறாள் என்கிறீர்கள், அந்த வித்தியாசம் முக்கியம் என்றுதான் நினைக்கிறேன், டாக்டர் சொல்லட்டும். காத்திருந்த காலத்தில் தேங்காய் நார் மெத்தைமேல் ரெக்சின் விரித்து, அதன்மேல் பழைய லுங்கியை நான்காக மடித்துப் போட்டுத் தினமும் மாற்றினேன். வேலைதான், ஆனால் புண் வரவில்லை.

தோப்புவீடு, கொழிஞ்சாம்பாறை:

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. படித்துவிட்டு முடியை வெட்டி வாஸலின் போட்டேன், சிவப்பு குறையத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் அளந்தேன், ஒரு லிட்டருக்குள்தான் குடிக்கிறாள். லெப்டோ சேர்ந்த தடுப்பூசி போட்டிருக்கிறது. டாக்டர் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன், அவர் இப்போது அந்தப் பேச்சே எடுப்பதில்லை, சாக்கை அவரே வெயிலில் காயப்போடுகிறார்.

டாக்டர், இன்னும் சில கேள்விகள். சாயம் ஏற்றுவது குட்டிக்கு ஆபத்தா? ஆபரேஷனில் சரியாக என்ன செய்வார்கள்? லேசர் என்று ஒன்று இருப்பதாக என் தம்பி சொல்கிறான், அது நல்லதா? எவ்வளவு பேருக்கு முழுதாகக் குணமாகிறது? செங்கோட்டை அக்கா சொன்ன மாதிரி பருவம் வரும் வரை காத்துப் பார்க்கலாமா?

பொள்ளாச்சி கால்நடை மருத்துவர்:

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் முக்கியம். செங்கோட்டை அம்மா சொன்னது முழுக்கச் சரி. சின்ன வயதிலேயே சுருக்குத் தசை பலவீனமாக இருக்கிற பெட்டைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பருவத்துக்குப் பிறகு சரியாகிவிடும். அந்த நேரத்தில் கருத்தடை செய்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை நிறுத்திவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். ஆனால் காத்திருப்பது, குழாய்கள் சரியான இடத்தில் இருக்கின்றன என்று படத்தில் பார்த்த பிறகுதான். மின்னிக்கு ஒரு பக்கக் குழாய் ஏற்கெனவே விரிந்திருக்கிறது, தொற்றும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தொற்று மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்தால் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அவள் விஷயத்தில் படம் எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். படுத்தால் மட்டும் நனைப்பது தசை பலவீனத்தையும், எந்நேரமும் சொட்டுவது இடம் மாறிய குழாயையும் காட்டும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது, இரண்டும் ஒரே நாயிடம் சேர்ந்தே இருப்பதும் நிறைய உண்டு.

சாயம்: அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். சில நிமிடங்களில் சிறுநீரகம் அதை வடிகட்டிக் குழாய் வழியே அனுப்பும்போது அடுத்தடுத்துப் படம் எடுப்பார்கள். கிரியாட்டினின் சரியாக இருந்து, உடலில் நீர்ச்சத்தும் சரியாக இருந்தால் பெரும்பாலும் பயம் இல்லை. முந்தைய நாள் சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், எனிமாவும் கொடுப்பார்கள், ஏனென்றால் குடலில் மலம் இருந்தால் அது குழாயை மறைத்துவிடும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள், வளரும் குட்டி என்பதால் நீங்களாக நீட்ட வேண்டாம். தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் மயக்க மருந்து உண்டு.

ஆபரேஷன்: சுவருக்குள் சுரங்கமாக ஓடும் வகை என்றால், அடிவயிற்றில் கீறி, சிறுநீர்ப்பையைத் திறந்து, உள்ளே மேடாகத் தெரியும் குழாயின் மேல் சரியான இடத்தில் ஒரு புதுத் திறப்பு வெட்டி, அதன் ஓரத்தைப் பையின் உள்படலத்தோடு மிக மெல்லிய கரையும் நூலால் தைப்பார்கள். கீழே மிஞ்சுகிற சுரங்கத்தைக் கட்டியோ எடுத்தோ விடுவார்கள். சுவரைத் தொடாமல் போகும் வகை என்றால் குழாயை வெட்டி எடுத்துப் பையில் புதிதாகப் பதிக்க வேண்டும், அது இன்னும் நுணுக்கமான வேலை. ஒரு சிறுநீரகம் முழுக்கச் செத்துப்போய், மற்றது நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியானால் மட்டும்தான் குழாயோடு அந்தச் சிறுநீரகத்தை எடுக்கும் பேச்சு வரும். லேசான விரிவு மட்டும் இருந்தால் எடுக்கச் சம்மதிக்காதீர்கள், வழி திறந்து தொற்று அடங்கினால் விரிவு குறைய நல்ல வாய்ப்பு உண்டு.

லேசர் நல்ல முறை. வயிற்றைத் திறக்காமல் சிஸ்டோஸ்கோப் வழியாகவே லேசர் இழையை விட்டு, குழாய்க்கும் யூரித்ராவுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சுவரைப் பைக்குள் வரை வெட்டித் திறந்துவிடுவது. கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் ஒரே மயக்கத்தில் முடிந்துவிடும், வலியும் குறைவு. சுவருக்குள் ஓடும் வகைக்கு மட்டும்தான் இது பொருந்தும். கருவியும் கை தேர்ந்தவரும் இருக்கும் இடம் நம் பக்கம் குறைவு, அதனால் லேசர் கிடைக்கும் வரை என்று மாதக்கணக்கில் காத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். நல்ல சர்ஜன் செய்யும் திறந்த ஆபரேஷனே போதும்.

குணமாகும் விகிதத்தை மறைக்காமல் சொல்கிறேன். 2012-ல் அமெரிக்காவில் 30 பெட்டை நாய்களுக்கு லேசர் செய்து ஒரு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். லேசர் மட்டுமே செய்து முழுதாக நின்றது 47 சதவீதம். மிஞ்சியவர்களில் தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் வேறு சிகிச்சைகளும் சேர்த்தபோது மொத்தம் 77 சதவீதம் ஆனது. திறந்த ஆபரேஷனிலும் பாதிக்குப் பாதி என்றே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் பழுதாகிப் போவதால் இப்படி வருகிறது என்று நினைக்க வேண்டாம், குழாயோடு சேர்ந்து தசையும் பிறவியிலேயே பலவீனமாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதற்கு ஃபீனைல்புரொப்பனோலமைன் என்ற மருந்து யூரித்ராவின் பிடிப்பைக் கூட்டும். இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய மருந்து என்பதால் டாக்டர் அளவு சொல்லி, அழுத்தம் பார்த்துத்தான் தர வேண்டும். இது போன்ற பெயரைப் பார்த்து மெடிக்கலில் ஜலதோஷ மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதில் பாராசிட்டமாலும் மற்றவையும் கலந்திருக்கும், நாய்க்கு அது ஆபத்து. மாத்திரைக்கும் அடங்காதவர்களுக்கு யூரித்ராவைச் சுற்றி வெளியே இருந்து இறுக்கும் சின்ன வளையம் ஒன்று பொருத்துவதும் உண்டு, ஆனால் அது கடைசிப் படி.

சொட்டு முழுதாக நிற்காவிட்டாலும் தொற்று அடங்கிச் சிறுநீரகம் காப்பாற்றப்பட்டால் அந்த ஆபரேஷன் வீணில்லை.

கம்பம் கோல்டன்:

டாக்டர் சொல்லும் விகிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எங்களுடையவள் அந்தக் கணக்கில் மாத்திரை சேர்த்துச் சரியானவர்கள் பக்கம்தான் வருவாள், ஆனால் வீட்டில் யாருக்கும் அவளுக்கு நோய் இருந்ததே இப்போது நினைவில் இல்லை. இன்னொன்று, வளர்ப்பவரிடம் இருந்து வாங்கியிருந்தால் அவருக்குச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னோம், அதே ஈற்றில் இன்னொரு பெட்டைக்கும் சொட்டுவது தெரிய வந்தது.

தோப்புவீடு, கொழிஞ்சாம்பாறை:

படம் எடுத்துவிட்டோம், எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். இடது பக்கம் சரியாக இருக்கிறது. வலது குழாய் பையின் சுவருக்குள் நுழைந்து திறக்காமல் யூரித்ராவின் நடுவில் போய்த் திறக்கிறது. வலது சிறுநீரகம் சாயத்தை நன்றாகவே வெளியேற்றுகிறது, அதனால் அதை எடுக்க வேண்டிய பேச்சே இல்லை என்றார் சர்ஜன். கல்ச்சரில் ஈ.கோலை என்ற கிருமி வந்திருக்கிறது, இதுவரை கொடுத்த மாத்திரைக்கு அது கட்டுப்படாத வகை. இப்போது வேறு மருந்து தொடங்கியிருக்கிறார்கள், தொற்று அடங்கியதும் ஆபரேஷன். வளர்ப்பவருக்கும் போன் செய்து சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் தாய் நாயை இனி இனப்பெருக்கத்துக்கு விடமாட்டேன் என்றார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வயிற்றைத் திறக்கும்போதே கருத்தடையும் சேர்த்துச் செய்துவிடலாமா, ஒரே மயக்கத்தில் முடிந்துவிடுமே என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

பொள்ளாச்சி கால்நடை மருத்துவர்:

நல்ல செய்தி. இருக்கும் வகைகளில் சரிசெய்ய எளிதான வகை உங்களுக்கு வந்திருக்கிறது.

கருத்தடையைச் சேர்த்துச் செய்ய வேண்டாம். தசையும் பலவீனமா என்பது இந்த ஆபரேஷன் முடிந்து வீக்கம் வடிந்த பிறகுதான் தெரியும், ஒரு மாதமாவது போகட்டும். லாப்ரடாருக்கு முதல் பருவம் எட்டு மாதத்திலும் வரலாம், ஒரு வயதைத் தாண்டியும் வரலாம். அது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, அப்போது சொட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கருத்தடை செய்யுங்கள். அவளிடம் குட்டி எடுக்க வேண்டாம், சில இனங்களில் இது பரம்பரையாக வருவது தெரிந்திருக்கிறது. பருவம் வரும் மூன்று வாரமும் தோப்பில் அவிழ்த்துவிடாமல் வீட்டுக்குள் வைத்திருங்கள், வேலி எப்படிப்பட்டதாக இருந்தாலும் தெரு நாய் வந்துவிடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு சர்ஜன் சொல்லும் தேதியில் ஸ்கேன் எடுத்து வலது குழாய் கூடுதலாக விரியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் முடிந்து ஒரு வாரம் கழித்து இன்னொரு கல்ச்சர். சொட்டு நின்றுவிட்டது என்று இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.